ராத்திரி இரண்டு மணிக்கு யார் பாஸ்வேர்ட் அடிப்பது?

புது சர்வர் வந்து இறங்கினால் நேராக வேலைக்கு விட்டுவிடக் கூடாது. ஒரு ராத்திரியாவது போட்டுக் கசக்கிப் பார்க்க வேண்டும். பிராசஸரின் அத்தனை கோரையும் முழுசாக ஓட விடுவது, மெமரி முழுக்க எழுதி எழுதிப் படிப்பது, டிஸ்க்கைத் தூங்க விடாமல் அடிப்பது, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது. எங்கள் தொழிலில் இதற்குப் பர்ன்-இன் என்று பெயர். கெட்டுப்போகிற சாமான் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கெட்டுப்போகும். லேபில் கெட்டால் வாரண்டி, வாடிக்கையாளர் இடத்தில் கெட்டால் வசவு.

இதைக் கையால் செய்த காலம் ஒன்று இருந்தது. 1986-ல் எங்கள் பெங்களூரில், தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில், இந்தியாவின் முதல் பேரலல் கம்ப்யூட்டரான ஃப்ளோசால்வரைக் கட்டியபோது பிராசஸர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல் இயங்கத் தொடங்கிய பரம் பிரவேகாவில் கணக்குப் போடும் நோடுகளே 600-க்கு மேல். மொத்த வேகம் 3.3 பெட்டாஃப்ளாப். அவ்வளவு பெரிய இடத்தை விடுங்கள். ஒயிட்ஃபீல்டில் ஒரு சாதாரண லேபில் நுழைந்தாலே ஒரு ரேக்குக்கு இருபது மெஷின், அப்படிப் பல ரேக். ஸ்க்ரிப்ட் இல்லாமல் யாரும் பர்ன்-இன் ஓட்டுவதில்லை. ஸ்க்ரிப்ட் எழுதுவதும் பெரிய வித்தை இல்லை. வம்பு ஒரே இடத்தில்தான்: இந்தச் சோதனைகளில் சில ரூட் அதிகாரம் கேட்கும்.

அது எப்படிக் கழுத்தை அறுக்கும் என்று பாருங்கள். மாலை ஆறரைக்கு ஒருவர் ஸ்க்ரிப்டைத் தட்டிவிடுகிறார். கட்டளையை ரூட்டாக ஓட்டித் தரும் சூடோ பாஸ்வேர்ட் கேட்கிறது, அடிக்கிறார், முதல் கட்டம் ஓடுகிறது. அவர் சில்க் போர்டு நெரிசலில் நின்று, வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுத் தூங்குகிறார். முதல் கட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிடுகிறது. இரண்டாம் கட்டமான டிஸ்க் சோதனைக்காக ஸ்க்ரிப்ட் மறுபடி சூடோவைக் கூப்பிடுகிறது. ஒருமுறை அடித்த பாஸ்வேர்டை சூடோ ஐந்து நிமிடம் ஞாபகம் வைத்திருக்கும். உபுண்டுவில் பதினைந்து நிமிடம். அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். 25.10-க்கு முந்தைய உபுண்டுவாக இருந்தால் பாஸ்வேர்ட் கேட்டபடியே விடியும்வரை காத்திருக்கும். வேறு சில டிஸ்ட்ரோக்களில் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு சூடோ கைவிட்டுவிடும். ஸ்க்ரிப்ட் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது, எல்லாம் பச்சை. டிஸ்க்கை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், கிருஷ்ணகிரிப் பக்கம். இதைப் பார்த்து நொந்துபோய்க் கேட்டான்: “அண்ணா, பேசாம நோபாஸ்வேர்ட் ஆல் போட்டுட்டா என்ன? லேப் மெஷின்தானே?”

கேள்வியில் தப்பில்லை. பெங்களூரில் பாதி லேப் அப்படித்தான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பதிலை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நோபாஸ்வேர்ட் ஆல் என்றால், அந்தப் பயனர் எந்தக் கட்டளையையும் ரூட்டாக, பாஸ்வேர்ட் இல்லாமல் ஓட்டலாம் என்று அர்த்தம். ஆட்டோமேஷனில் அந்தப் பயனர் மனிதர் இல்லை, ஜென்கின்ஸ் மாதிரி ஏதோ ஒரு ஏஜென்ட். அந்த ஏஜென்ட் எதை ஓட்டும்? ரெப்போவில் என்ன இருக்கிறதோ அதை. ஆக, ரெப்போவில் கமிட் போடக்கூடிய ஒவ்வொருவரும் அந்த மெஷினில் ரூட். இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கும் பையனும் ரூட்தான்.

“லேப் மெஷின்தானே” என்பதற்கு என் பதில் இதுதான். சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்திருக்கும். மெஷின் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும், தூரத்திலிருந்து பவர் போடும், அணைக்கும், திரையைக் காட்டும். அந்த மெஷினில் ரூட்டாக இருக்கிறவர் ஐபிஎம்ஐ-டூலை எடுத்து, பழைய பாஸ்வேர்ட் தெரியாமலேயே பிஎம்சியில் புது யூசர் ஒருவரைச் சேர்த்துவிடலாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அந்த யூசர் அங்கேயே இருப்பார். பர்ன்-இன்னில் பாஸான மெஷினை நாம் என்ன செய்கிறோம்? பெட்டியில் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம்.

பாஸ்வேர்டை ஸ்க்ரிப்டுக்குள்ளேயே எழுதி எக்கோ செய்து சூடோவுக்குள் தள்ளுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்க்ரிப்ட் கிட்டுக்குப் போகும், கிட்டில் போனது போனதுதான். லேபில் எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதும் ஊரறிந்த ரகசியம். இன்னும் சிலர் ஷெல் ஸ்க்ரிப்டுக்கு செட்யூஐடி பிட் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிவார்கள். ஸ்க்ரிப்ட்களில் அந்த பிட்டை லினக்ஸ் கர்னல் மதிப்பதே இல்லை. மதிக்காததே நல்லது.

கொஞ்சம் விவரமானவர்கள், “ஆல் வேண்டாம், தேவையான நாலு கட்டளைக்கு மட்டும் நோபாஸ்வேர்ட் தரலாம்” என்பார்கள். திசை சரி. ஆனால் எந்த நாலு? டிஸ்க் சோதனைக்கு எல்லோரும் பயன்படுத்துவது எஃப்ஐஓ. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய அருமையான கருவி. அதன் ஜாப் ஃபைலில், சோதனை தொடங்கும் முன் ஒரு கட்டளையை ஓட்டு என்று சொல்ல ஓர் ஆப்ஷன் இருக்கிறது. எஃப்ஐஓ-வை ரூட்டாக ஓட்ட அனுமதி தந்தீர்கள் என்றால் அந்த ஆப்ஷன் வழியாக எதையும் ரூட்டாக ஓட்டலாம். ஸ்ட்ரெஸ்-என்ஜி-க்கு லாக் ஃபைல் எங்கே எழுத வேண்டும் என்று சொல்லலாம். ரூட்டாக ஓடினால் எந்த ஃபைலின் மேல் வேண்டுமானாலும் எழுதிவிடும். நட்சத்திரக் குறி போட்டு “ஸ்மார்ட்சிடிஎல், டிஸ்க் எதுவானாலும்” என்று எழுதினால், அந்த நட்சத்திரம் இடைவெளியையும் சேர்த்து விழுங்கும். ஒரு டிஸ்க் பெயருக்கு விட்ட இடத்தில் இன்னும் நாலு ஆப்ஷன் நுழைந்துவிடும். இதற்காகத்தான் 2022-ல் வந்த சூடோ 1.9.10-ல் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு இடம் கொடுத்தார்கள். உபுண்டு 25.10-ல் வழக்கமான சூடோவுக்குப் பதிலாக வந்திருக்கும் ரஸ்ட் மொழி சூடோ, ஆர்க்யுமென்ட்டில் நட்சத்திரத்தை ஏற்றுக்கொள்ளவே செய்யாது. பழைய விதிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க.

இதெல்லாம் பொதுவான பாதுகாப்புப் பேச்சு, எல்லா ஆட்டோமேஷனுக்கும் பொருந்தும். ஸ்ட்ரெஸ் சோதனைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கர்னல் நமக்காகப் போட்டு வைத்திருக்கும் தடுப்புகள் பலவும் சாதாரண யூசருக்குத்தான். ரூட்டுக்கு இல்லை.

ஸ்ட்ரெஸ்-என்ஜி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். காலின் இயன் கிங் எழுதியது, மெஷினைத் திணறடிக்கும் விதங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல் வைத்திருக்கிறது. ரூட்டாக ஓட்டினால், மெமரி தீர்ந்துபோகும்போது கர்னல் தன்னைக் கொல்லாதபடி அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். யோசித்துச் செய்யுங்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. பிறகு கர்னல் யாரைக் கொல்லும்? பக்கத்தில் அமைதியாக லாக் எழுதிக்கொண்டிருந்த அப்பாவியை. சோதனை பிழைத்துக்கொள்ளும், சோதனையின் முடிவு செத்துப்போகும். டிஸ்க்கிலும் அதே கதை. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் சாதாரணமாக 5 சதவீதம் இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும், டிஸ்க் நிரம்பினாலும் அவசர வேலைக்கு இருக்கட்டும் என்று. டிஸ்க்கை நிரப்பும் சோதனையை ரூட்டாக ஓட்டினால் அந்த அவசரத்துக்கு வைத்ததையும் அதுவே தின்றுவிடும்.

ஆகவே தம்பியிடம் நான் முதலில் கேட்டது, “எதுக்கெல்லாம் ரூட் வேணும்னு லிஸ்ட் போட்டியா?” என்றுதான். போடவில்லை. யாரும் போடுவதில்லை. ஸ்க்ரிப்டின் தலையில் சூடோ போட்டுவிட்டால் யோசிக்க வேண்டியதில்லையே.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். பிராசஸரைச் சூடேற்ற ரூட் வேண்டியதே இல்லை. ஃபைல் சிஸ்டத்துக்கு மேலே எழுதிப் படிக்கும் டிஸ்க் சோதனைக்கு வேண்டாம். எத்தனை முறை சூடு தாங்காமல் பிராசஸர் வேகத்தைக் குறைத்தது என்ற எண்ணிக்கையை, இன்டெல் மெஷினில், கர்னல் எல்லோரும் படிக்கும்படியே வைத்திருக்கிறது. இசிசி மெமரியில் எத்தனை பிழை திருத்தப்பட்டது என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். கர்னல் லாக்கைப் படிப்பதற்கு உபுண்டு 20.10 முதல் தடை உண்டு, ஆனால் ஏடிஎம் குழுவில் சேர்த்துவிட்டால் போதும். ஃபேன், பவர் சப்ளை விவரமெல்லாம் பிஎம்சியிடம் நெட்வொர்க் வழியாகவே கேட்கலாம், மெஷினுக்குள் போகவே வேண்டாம்.

நிஜமாக ரூட் கேட்பவை கொஞ்சம்தான். டிஸ்க்கின் ஸ்மார்ட் பரிசோதனை, டிஸ்க்கை நேரடியாக அடிப்பது, பிராசஸரின் எம்எஸ்ஆர் ரெஜிஸ்டர்களைப் படிப்பது, வேகக் கட்டுப்பாட்டை மாற்றுவது, என்விடியா கார்டின் பவர் வரம்பை ஏற்றி இறக்குவது, புது ஜியான்களில் இன்டெல் தரும் இன்-ஃபீல்டு ஸ்கேன். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்குக்கு முன்பு ரூட் தேவைப்படவில்லை. 2020 நவம்பரில் பிளாட்டிபஸ் என்ற தாக்குதல் வெளியானது. மின்சார ஏற்ற இறக்கத்தை வைத்தே ரகசியச் சாவிகளை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். அதிலிருந்து அந்த எண் ரூட்டுக்கு மட்டும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கை நேரடியாக அடிக்க வேண்டும் என்றால் யூசரை டிஸ்க் குழுவில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். டிஸ்க் குழு என்பது ரூட்டின் மாறுவேடம். பார்ட்டிஷனை நேரடியாகப் படிக்க முடிந்தவருக்கு, பாஸ்வேர்ட் ஹேஷ்கள் இருக்கும் ஷேடோ ஃபைலும் திறந்த புத்தகம்தான்.

மெமரி சோதனைதான் இதில் நடுவாந்திரம். மெம்டெஸ்டர் தான் சோதிக்கிற மெமரியைப் பூட்டி வைக்கப் பார்க்கும், கர்னல் அதை ஸ்வாப்புக்குத் தள்ளிவிடாமல் இருக்க. சாதாரண யூசர் எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு, வழக்கமாகச் சில எம்பிதான். வரம்பு தாண்டினால் மெம்டெஸ்டர் சண்டை போடாது. கேட்ட அளவைப் பக்கம் பக்கமாகக் குறைத்துக்கொண்டே போகும், அல்லது பூட்டாமலே தொடர்கிறேன், நம்பகம் குறைவு என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரும். நீங்கள் 64 ஜிபி சோதித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி வரியில் பாஸ் என்று இருக்கும். அந்த ஒரு வரி லாக்கில் பல நூறு வரிகளுக்கு நடுவில் புதைந்திருக்கும். இதற்கும் ரூட் தேவையில்லை, பூட்டும் வரம்பை அந்த யூசருக்கு உயர்த்திவிட்டால் போதும்.

சரி, லிஸ்ட் சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சத்தை எப்படி ஓட்டுவது?

சூடோ எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விடை தெரியும். 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. டெர்மினல் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கொஞ்ச நேரம் ரூட் வேலை செய்ய வேண்டும், பாஸ்வேர்ட் கேட்டு அவர்தானா என்று உறுதி செய்துகொள் என்பதுதான் கணக்கு. அதில் மனிதர் இருக்கிறார் என்பது அடிப்படை. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மனிதரை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பதால்தான் இவ்வளவு அவஸ்தை.

கீழே இருக்கும் ஸ்க்ரிப்ட் மேலே ஏறி ரூட் ஆகப் பார்ப்பதை விடுங்கள். ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டி-யிடம் சோதனையை ஒரு சர்வீஸாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த புரோகிராம், என்ன ஆப்ஷன், எந்த டிஸ்க், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அந்தச் சர்வீஸ் ஃபைலில், ரூட்டின் கையெழுத்தில். வெளியே இருக்கும் ஸ்க்ரிப்டுக்கு ஒரே உரிமைதான்: “மெமரி சோதனையைத் தொடங்கு” என்று சொல்லலாம். ஆப்ஷன் தர முடியாது, பாதை தர முடியாது. தர்ஷினி ஹோட்டலில் கேஷ் கவுன்டரில் கூப்பன் வாங்கி நீட்டுகிற மாதிரி. மசாலா தோசை வேண்டுமா, கிடைக்கும். கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கரண்டியை வாங்க முடியாது.

இந்த உரிமையைக் கொடுக்க இரண்டு வழி. சூடோவிலேயே, அந்தச் சர்வீஸைத் தொடங்கும் கட்டளையை முழுசாக, ஒரு எழுத்து மாறாமல், நட்சத்திரம் இல்லாமல் எழுதி, அதற்கு மட்டும் நோபாஸ்வேர்ட் தரலாம். அல்லது போல்கிட்டில் ஒரு விதி எழுதி, இந்த யூசர் இந்தச் சர்வீஸைத் தொடங்கலாம், நிறுத்தலாம், வேறெதுவும் கூடாது என்று சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், சூடோவே தேவைப்படாது என்பதால். போல்கிட்டும் சுத்த சுயம்பிரகாசம் இல்லை. அதன் கூடவே வரும் பிகேஎக்ஸெக்கில் 2009 முதல் ஒளிந்திருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியானது. சூடோவில் 2011-ல் நுழைந்த ஓட்டை 2021 ஜனவரியில். இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் குவாலிஸ்காரர்கள். அப்டேட் போடுவதைத் தவிர்க்க முடியாது என்பதற்குச் சொல்கிறேன்.

சூடோ வழியில் போகிறவர்களுக்கு இரண்டு குழிகள். ஒன்று, “தொடங்கு” கூடவே “நிலவரம் காட்டு” என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பழைய சிஸ்டம்டி-யில் நிலவரம் நீளமாக இருந்தால் லெஸ் திறக்கும், அது ரூட்டாகத் திறக்கும், அதில் ஆச்சரியக்குறி போட்டு ஷெல்லுக்குள் குதித்துவிடலாம். நிலவரம் பார்க்க ரூட்டே வேண்டாம், அந்த வரியை எழுதவே எழுதாதீர்கள். இரண்டு, சர்வீஸ் கூப்பிடும் ஸ்க்ரிப்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். ஹோம் ஃபோல்டரில், அதே யூசர் எடிட் செய்யும்படி இருந்தால் இத்தனை வேலையும் வீண். ஃபைல் மட்டும் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

சர்வீஸாக ஆக்கியதில் எனக்கு உண்மையான லாபம் பாதுகாப்பைவிட வேறு. கர்னல் ரூட்டுக்குப் போடாத தடுப்புகளை நாமே போட்டுக்கொள்ள முடிகிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் கொல்லு என்று ஒரு வரி. இவ்வளவு மெமரிக்கு மேல் தராதே என்று ஒரு வரி. இந்த ஒரு டிஸ்க்கைத் தவிர வேறு எந்த டிவைஸும் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வரி. ஃபைல் சிஸ்டம் முழுக்கப் படிக்க மட்டும், லாக் ஃபோல்டரில் மட்டும் எழுதலாம் என்று ஒரு வரி. டிஸ்க்கைக் குறிப்பிடும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாதீர்கள், ரீபூட் ஆனால் அவை இடம் மாறும். சீரியல் நம்பர் ஒட்டிய பை-ஐடி பெயரை எழுதுங்கள். எழுதும் சோதனை ஒன்று, இடம் மாறிய பெயரால் ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கின் மேல் ஓடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெரிய கிளஸ்டர்களில் இந்த யோசனை புதிதே அல்ல. ஸ்லர்ம் ஷெட்யூலரில் நோடின் உடல்நலத்தைப் பார்க்கும் புரோகிராம் ரூட்டாக ஓடும், கணக்குப் போட வரும் ஆராய்ச்சி மாணவருக்கு ரூட் கிடையாது. நோடு நோய்வாய்ப்பட்டால் புரோகிராம் அதை வரிசையிலிருந்து எடுத்துவிடும். சின்ன லேப்களில்தான் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, மெஷின் செத்துப்போகும் விஷயம். ஸ்ட்ரெஸ் சோதனையின் நோக்கமே பலவீனமான மெஷினைச் சாகடிப்பது. செத்த மெஷின் “நான் ஃபெயில்” என்று ஃபைலில் எழுதிவிட்டுச் சாகாது. ஆகவே முடிவை எழுதுவதைவிடத் தொடக்கத்தை எழுதுவது முக்கியம். ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன், இன்ன கட்டம் தொடங்குகிறேன் என்று வேறொரு மெஷினுக்கு அனுப்புங்கள், கூடவே பூட் ஐடியையும். கர்னல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிதாக ஓர் ஐடி வைத்துக்கொள்ளும், ப்ராக்கில் யாரும் படிக்கலாம். தொடக்கம் வந்தது, முடிவு வரவில்லை, மெஷின் மறுபடி பேசும்போது பூட் ஐடி மாறியிருக்கிறது என்றால் நடுவில் விழுந்து எழுந்திருக்கிறது. விழுந்து எழுந்த மெஷின் சாதுவாகத்தான் இருக்கும், ஐடி இல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. ஹார்ட்வேர் வாட்ச்டாக்கையும் போட்டுவிடுங்கள், உறைந்துபோன மெஷினைத் தானே ரீபூட் செய்யும். பிஎம்சியின் சீரியல் கன்சோலை இன்னொரு இடத்தில் பதிவு செய்தால் கர்னலின் கடைசி வார்த்தைகளும் கிடைக்கும்.

பாஸ் என்றால் என்ன என்பதையும் திருத்தி எழுத வேண்டும். ஓடி முடித்தது என்பது பாஸ் இல்லை. 2021-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கதை வருகிறது. 1.1-ஐ 53-ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும். ஒரு மெஷினின் 59-ஆம் கோரில் மட்டும் பூஜ்யம் வந்தது. பிழைச் செய்தி இல்லை, கிராஷ் இல்லை, சூடு இல்லை. தப்பான விடையைத் தைரியமாகச் சொன்னது, அவ்வளவுதான். அதே ஆண்டு கூகிள்காரர்கள், பல ஆயிரம் மெஷினுக்குச் சில கோர்கள் இப்படி இருப்பதாக எழுதினார்கள். ஸ்ட்ரெஸ்-என்ஜி-யில் விடையைச் சரிபார் என்று தனியாகச் சொன்னால்தான் சரிபார்க்கும். சொல்லாவிட்டால் மெஷினைச் சூடேற்றுவதோடு சரி. அந்த ஆப்ஷன் இல்லாத பர்ன்-இன் ஸ்க்ரிப்ட்கள் நான் பார்த்ததில் ஏராளம்.

ஆகவே முன்னும் பின்னும் எண்ணிக்கைகளை எடுத்துக் கழித்துப் பாருங்கள். இசிசி திருத்தங்கள், பிசிஐ பஸ்ஸின் சரிசெய்த பிழைகள், டிஸ்க்கில் இடம் மாற்றிய செக்டர்கள், வேகம் குறைந்த தடவைகள். கூடியிருந்தால் சோதனை முடிந்திருந்தாலும் அந்த மெஷினைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்தக் கழித்தலுக்குப் பெரும்பாலும் ரூட் வேண்டாம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூளை வேலை எல்லாம் சாதாரண யூசரிடம், ரூட்டிடம் இருப்பது நாலு வரி முரட்டு வேலை. அந்த நாலு வரியை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் படித்துச் சரிபார்த்துவிடலாம்.

பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு உபரிக் குறிப்பு. நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் அள்ளிக்கொண்டு போகும் சூடும் குறைவு. பல சர்வர்களின் குறிப்பேட்டில், 900 அல்லது 950 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி கழித்துக்கொள் என்று இருக்கும். நாம் சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். இன்னொரு பக்கம், இங்கே ஏசி லேபில் 22 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்துப் பாஸான மெஷின், மே மாதத்தில் சென்னையில் ஏதோ ஒரு கிளை அலுவலகத்தின் ஜன்னல் இல்லாத அறைக்குப் போய்ச் சேரும். பிராசஸர் 80 டிகிரி தொட்டது என்று மட்டும் பதிந்து வைத்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. உள்ளே நுழைந்த காற்று எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்துப் பதியுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரம்பு வையுங்கள்.

தம்பி இப்போது ஸ்மார்ட் பரிசோதனைக்கும் எஃப்ஐஓ-வுக்கும் தனித்தனிச் சர்வீஸ் எழுதி முடித்துவிட்டான். எம்எஸ்ஆர் பாக்கி.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் லேப் மெஷினில் ஆட்டோமேஷன் யூசராக லாகின் செய்து, சூடோ-வுக்குப் பக்கத்தில் மைனஸ் எல் போட்டு என்ட்டர் தட்டுங்கள். அந்த யூசருக்கு என்னென்ன உரிமை என்று பட்டியல் வரும். நோபாஸ்வேர்ட், ஆல் இரண்டும் ஒரே வரியில் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது விசூடோ வழியாகவே எடுங்கள், அது விதியின் இலக்கணப் பிழையைப் பிடித்துவிடும். இன்னொரு டெர்மினலில் ஒரு ரூட் செஷனைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சூடோயர்ஸ்-டி ஃபோல்டரில் புது ஃபைல் போடுவதானால் பெயரில் புள்ளி வைக்காதீர்கள். புள்ளி வைத்த ஃபைலை சூடோ படிக்கவே படிக்காது.